பாதித் தட்டு

எம் புருசன் ஹாங்காங்க விட்டு ஊரோட வந்த அன்னைக்கே இந்தத் தட்டை நான் பழைய பாத்திரக்காரன்கிட்டப் போட்டுத் தொலைச்சிருக்கணும். போடல. பரண்ல, கிழிஞ்ச பாய்க்குப் பின்னால தள்ளி வச்சேன், இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு. இப்ப பாரு, அடுப்பு மேடையில சட்டமா உக்காந்திருக்கு. ஒரு சாண் அகலம் முழுசா இல்ல, எவர்சில்வர், ஓரத்துல ஒரு நெளிசல். அந்த நெளிசல் ஒரு பெருநாளைக்கு விழுந்தது. ஊரே சேந்து உக்காந்து சிரிச்சுச் சாப்பிடுது, நான் ஒருத்தி இந்தத் தட்டுல நெய்ச்சோத்தப் போட்டுக்கிட்டு, ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டே தின்னுட்டு, ஆத்திரத்துல தொட்டிக்குள்ள வீசினேன். தட்டு என்ன பாவம் செஞ்சுச்சு? இவுக ஹாங்காங்குல இருந்தாக, தட்டு கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். குக்கர் அடங்கிருச்சு. பள்ளிவாசல்ல மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சிருக்கும், இப்ப வந்துருவாக. வந்து விரிப்புல உக்காந்து, ஒரு வார்த்தை பேசாம, ரெண்டே நிமிசத்துல அள்ளிப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாக. வெள்ளிக்கிழமையிலருந்து இதே கூத்துதான். நான் அடுப்படியில சின்னத் தட்டோட, இவுக கூடத்துல பெரிய சஹனோட. நடுவுல ஒரு நிலைப்படி. இத்தனை வருசம் நடுவுல கடல் கெடந்துச்சு, அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன், இந்த நிலைப்படியத் தாங்க முடியல.

சஹன்னா எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரங்கதான் தாம்பாளமான்னு கேப்பாங்க. சேந்து சாப்பிடுற பெரிய தட்டு. கல்யாண வீட்டுல நாலு பேர், வீட்டுல புருசன் பொஞ்சாதி, புள்ளைங்க இருந்தா புள்ளைங்களும். நடுவுல சோத்தக் கொட்டி, ஆணத்த, அதான் கொழம்ப, ஊத்தி, அவுகவுக முன்னால இருக்கிறத அவுகவுக எடுக்கணும், அதுதான் மரியாதை. அடுத்தவங்க பக்கம் கை போகலாம், ஆனா எடுக்கப் போகக்கூடாது, குடுக்கத்தான் போகணும். நிக்காஹ் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி இவுக கூட நான் ஒரே சஹன்ல உக்காந்தப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒவ்வொரு பருக்கையா எடுத்தேன். இவுக கை மட்டும் எனக்குத் தெரிஞ்சுச்சு. மெலிஞ்ச விரல், நகம் ஒட்ட வெட்டியிருந்துச்சு. அந்தக் கை கறியில ஒரு நல்ல துண்டாப் பாத்துப் பிச்சு, எலும்ப எடுத்துட்டு, மெதுவா என் பக்கம் தள்ளி விட்டுச்சு. முகத்த அப்புறமாத்தான் பாத்தேன். கையத்தான் முதல்ல பாத்தேன், கைக்குத்தான் முதல்ல சரின்னு சொன்னேன். ரத்தினக் கல்லுக்கடை கை அது. ஹாங்காங்குல இடுக்கி வச்சு ஒவ்வொரு கல்லா வெளிச்சத்துல பாத்துப் பிரிக்கிற வேலை. அதே பொறுமையோட மீன்ல முள்ளு எடுப்பாக. இவுக எடுத்துத் தள்ளின மீன்ல நான் ஒரு நாளும் முள்ளு கடிச்சதில்ல. அப்புறம் லீவு முடிஞ்சுரும். போயிருவாக. சஹனக் கழுவித் துடைச்சுச் சுவத்துல சாச்சு வைப்பேன், இந்தச் சின்னத் தட்ட எடுப்பேன். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை வந்தா ரெண்டு மாசம் சஹன், மத்த நாளெல்லாம் இது. புள்ளைக்கு ஊட்டி முடிச்சு, அவ மிச்சம் வச்சத இதுல போட்டுத் தின்னுக்கிட்டு, எதுத்தாப்புல சுவத்துல மாட்டியிருந்த இவுக போட்டோவப் பாத்துக்கிட்டு இருப்பேன். போட்டோ சாப்பிடுமா? சாப்பிடாது. "இந்தாங்க மீன்"ன்னு ஒரு நாள் போட்டோகிட்டச் சொல்லிட்டேன். மக ஷிஃபா சின்னப் புள்ள, பக்கத்துல இருந்து விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சேந்துதான் சிரிச்சேன். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அவரைக்காப் பொரியல் தட்டுல பாதி. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே. டயட் சொல்ற பொண்ணு, ஆஸ்பத்திரியில, கண்ணாடி போட்டுக்கிட்டு, வயசு என்னா, ஷிஃபாவ விடச் சின்னவ. பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. தட்டோட கரை நாலு பக்கமும் தெரியணுமாம். முதல் நாள் நான் என்ன செஞ்சேன், சின்னத் தட்டுதானே கேட்டாங்க, சின்னத் தட்டுலதானே தின்னேன்னு, கரண்டியோட முதுகால சோத்த அமுக்கி அமுக்கி, கோபுரமாக் குமிச்சுப் போட்டேன். ஷிஃபா வந்து பாத்துட்டு, "உம்மா, இது தட்டா, மூட்டையா?"ன்னு கேட்டா. வந்துட்டா, பெரிய டாக்டர். ஆனா அவ சொன்னதும் சரிதான். யாரை ஏமாத்துறேன்? என் கண்ணத்தானே. அந்தா, வந்துருச்சு அந்த நூல். கறுப்பா, மெலிசா, வலது கண்ணுல மேலருந்து கீழ மிதந்து வருது. கண்ண உருட்டினா கூடவே உருளுது. முதல்ல முடி விழுந்திருக்குன்னு நெனச்சேன். துடைச்சேன், போகல. மூஞ்சியக் கழுவினேன், போகல. குர்ஆனத் தொறந்தா எழுத்துக்கு நடுவுல ஒரு எழுத்து அதிகமா நிக்குது. அப்புறம்தான் ஷிஃபா இழுத்துக்கிட்டுப் போனா. கண்ணுல சொட்டு மருந்து விட்டு, லைட் அடிச்சுப் பாத்துட்டு, கண்ணுக்குப் பின்னால நரம்புல ரத்தம் கசிஞ்சிருக்குன்னாரு டாக்டர். சக்கரையாலயாம். "இப்பவே சக்கரையக் கட்டுக்குள்ள கொண்டு வந்தா, இருக்கிற பார்வையக் காப்பாத்திரலாம்மா. தேவைப்பட்டா லேசர் வைக்கலாம். ஆனா சக்கரை இப்படியே இருந்தா நான் என்ன வச்சும் பிரயோசனம் இல்ல"ன்னாரு. நல்ல மனுசன், மெதுவாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் காதுல ங்கொய்ன்னு கேட்டுச்சு. கண்ணு போயிருமா? என் கண்ணா? வருசக்கணக்கா போட்டோவுலயும் போன்லயும் பாத்த முகம், இப்பத்தான் ஊரோட வந்து எதுத்தாப்புல உக்காந்திருக்கு, இன்னும் நான் முழுசாப் பாத்து முடிக்கலியே ரப்பே. இடது புருவத்துக்குப் பக்கத்துல ஒரு மச்சம் இருக்கு, அது போட்டோவுல தெரியாது. போன வருசம்தான் கண்டுபிடிச்சேன்.

சக்கரை எப்ப வந்துச்சு? இவுக வந்தப்புறம்தான். சொன்னா சிரிப்பு வரும். இவுக அங்க இருந்த காலம் பூரா நான் குச்சி மாதிரி இருந்தேன். வந்து இறங்கி சஹன எறக்கி ஒரு வருசத்துல, பக்கத்து வீட்டு ஹமீதா லாத்தா, "ஜெய்னம்பு, மாப்பிள்ளை வந்த ராசி, கன்னமெல்லாம் வச்சிருச்சு"ன்னாக. வச்சுச்சு, வச்சுச்சு, ரத்தத்துலயும் வச்சுச்சு. அந்தப் பொண்ணு கேட்டா, "மத்தியானம் எவ்வளவு சோறு சாப்பிடுவீங்கம்மா?" நான் சொன்னேன், "பாதித் தட்டு." சத்தியமா அது பொய்யில்ல. பாதி எனக்கு, பாதி அவுகளுக்கு. அவ சந்தோசமா எழுதிக்கிட்டா. மாத்திரையக் கூட்டிப் பாத்தாங்க, நடக்கச் சொன்னாங்க, நானும் கடற்கரை வரைக்கும் நடந்தேன், சக்கரை ஒரு இஞ்சு எறங்கல. ரெண்டாவது தடவை போனப்ப அவளுக்கே சந்தேகம். "உங்க தட்ட ஒரு போட்டோ காட்டுங்கம்மா." ஷிஃபா போன்ல இருந்த பெருநாள் போட்டோவக் காட்டினா. அந்தப் பொண்ணு போனக் கிட்டக் கொண்டு போனா, தள்ளிக் கொண்டு போனா. "அம்மா, இது நாலு பேர் சாப்பிடுற தட்டும்மா. இதுல பாதின்னா ரெண்டு பேர் சாப்பாடு." எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அவளுக்கும் அடக்க முடியல. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவ கேட்டா பாரு ஒரு கேள்வி, "அதுவும் சரியாப் பாதிதான்னு எப்படித் தெரியும்?" தெரியாது. யாருக்குத் தெரியும்? சஹன்ல முதல்ல நடுவுல சோறு சுவர் மாதிரி நிக்கும், இந்தப் பக்கம் இவுக, அந்தப் பக்கம் நான். தோண்டத் தோண்டச் சுவர் சரியும். சரிஞ்ச சோறு யாரோடது? இவுக விரலு பேச்சுவாக்குல தள்ளிக்கிட்டே இருக்கும். ஒரு துண்டு மீனு, கொஞ்சம் சோறு, ஒரு முட்டை பாதி. நான் பேசிக்கிட்டே தின்னுக்கிட்டே இருப்பேன். இவுக அரைவயித்தோட எந்திரிக்கக் கூடாதுன்னு நானும், நான் இன்னும் சாப்பிடுறேன்னு இவுகளும், ஒருத்தருக்காக ஒருத்தர் உக்காந்து உக்காந்து, கடைசியில சஹன் பளபளன்னு இருக்கும். எவ்வளவு தின்னேன்னு எனக்கும் தெரியாது, அல்லாவுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை சின்னத் தட்டப் பரண்லருந்து எறக்கிக் கழுவுறப்ப இவுக வாசல்ல நின்னு பாத்தாக. நான் வெவரத்தச் சொன்னேன். பாதி காய், கால் பங்கு சோறு, தனித் தட்டு. முகம் மாறல. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. "அப்ப நான் மறுபடியும் ஹாங்காங் போயிட்டேன்னு வச்சுக்க"ன்னாக. எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "ஆமா, போங்க, போன தடவை போனப்ப எங்கிட்டக் கேட்டுட்டா போனீக?"ன்னுட்டேன். என்ன வாய் எனக்கு! நாக்க அறுத்துப் போடணும். அதோட பேச்சு நின்னுச்சு. சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சண்டை போட்டாலாவது தேவல. இவுக சஹன்ல தன் பக்கத்துல மட்டும் சோத்தப் போட்டுக்கிறாக. என் பக்கம் வெறுமனே மின்னுது. நடுவுல உக்காந்து முழுத் தட்டுலயும் சாப்பிட்டா என்ன? மாட்டாக. வேணும்னேதான். என்னையக் குத்திக் காட்டத்தான். அப்படித்தான் நேத்து மத்தியானம் வரைக்கும் நெனச்சு உள்ளுக்குள்ள கருவிக்கிட்டு இருந்தேன். நேத்து சஹன எடுத்துக் கழுவப் போறேன், என் பக்கத்துல, அந்த வெறும் பக்கத்துல, ஒரு துண்டு மீன் கெடக்கு. முள்ளெல்லாம் எடுத்து, தோலு பிரிச்சு, நல்ல நடுத்துண்டு. மறந்து தள்ளியிருக்காக. மனசு எங்கயோ இருக்க, கை தானாத் தள்ளியிருக்கு. தள்ளினதப் பாத்திருப்பாக, திருப்பி எடுத்துக்க மனசு வந்திருக்காது, அப்படியே விட்டுட்டு எந்திரிச்சிருக்காக. நான் தொட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு அந்த மீனத் தின்னேன். ஆறிப் போயிருந்துச்சு. முள்ளு ஒண்ணுகூட இல்ல.

செருப்புச் சத்தம். வந்துட்டாக. "அஸ்ஸலாமு அலைக்கும்." பதில் சலாம் சொல்லிட்டேன், அதுல குறை வைக்க மாட்டோம் ரெண்டு பேரும். கை கழுவுற சத்தம். விரிப்ப ஒதறுற சத்தம். நான் சின்னத் தட்டுல காய வச்சாச்சு, கால் பங்கு சோறு வச்சாச்சு, அமுக்கல, கரை தெரியுது நாலு பக்கமும். பாக்கத்தான் இத்தனூண்டா இருக்கு, தின்னு பாத்தா வயிறு என்னமோ அடங்கத்தான் செய்யுது. ரெண்டு நாளா காலையில விரல்ல குத்திப் பாக்குறப்ப கொஞ்சம் எறங்கித்தான் காட்டுது. இவுககிட்டச் சொல்லல. பேசினாத்தானே சொல்றதுக்கு! இப்ப சஹனும் கொண்டு போகணும், சோத்துச் சட்டியும் கொண்டு போகணும், ஆணமும் கொண்டு போகணும். பழைய மாதிரி உக்காந்துரலாமா? ஒரே ஒரு நாள், இன்னைக்கு மட்டும், கொஞ்சமாத் தின்னுட்டு. கொஞ்சமா எங்க? சுவர் சரிஞ்சா கொஞ்சம் எங்க, நெறைய எங்க? உக்காந்தா கண்ணு போகும். உக்காரலேன்னா இவுக போயிருவாக, இங்கயே இருந்துக்கிட்டே போயிருவாக, வந்தும் வராத மாதிரி, திரும்பவும் நான் சுவத்தப் பாத்துத் திங்கணும். இருட்டுல உக்காந்து ஒரே சஹன்ல திங்கிறதா, வெளிச்சத்துல உக்காந்து தனியாத் திங்கிறதா? இது என்ன கேள்வி! எனக்கு ரெண்டும் வேணும். ஏன் வேணாம்? இத்தனை வருசம் பொறுத்தவளுக்கு ரெண்டும் குடுத்தா என்ன குறைஞ்சு போகும்? எனக்கு வேணும்.

ரெண்டு நடை நடக்கச் சோம்பலா இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம், பெரிய யோசனையெல்லாம் ஒண்ணும் பண்ணல. முதல்ல எல்லாத்தையும் கூடத்துல வச்சிருவோம், அங்கயே ஆணச் சட்டியிலருந்து என் மீனப் போட்டுக்கிட்டு என் தட்டோட திரும்பி வந்துருவோம்னு, சின்னத் தட்ட அப்படியே சஹனுக்குள்ள வச்சு, ரெண்டையும் சேத்து இடுப்புல தாங்கி, இன்னொரு கையில சோத்துச் சட்டியும் அது மேல ஆணச் சட்டியுமா வந்து விரிப்புல வச்சேன். வச்சுட்டு சின்னத் தட்ட எடுக்கணும். எடுக்கக் குனிஞ்சேன். அது உக்காந்திருந்த இடத்தப் பாத்தேன். சரியா என் பக்கம். நேத்து அந்த மீனு கெடந்த இடம். தெனமும் கழுவிக் கவுக்குறப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணாத்தானே வைக்கிறேன், ஏன் எனக்கு இது தோணல? தலைக்குள்ள களிமண்ணுதான். எடுக்கல. அப்படியே உக்காந்துட்டேன், இவுகளுக்கு எதுத்தாப்புல, என் பழைய இடத்துல.

இவுக பாத்தாக. என்னையப் பாக்கல, தட்டப் பாத்தாக. "என்ன இது?"ன்னாக. நாலு நாள் கழிச்சு வர்ற முதப் பேச்சு. "தட்டு"ன்னேன். "தட்டுன்னு தெரியுது. இங்க எதுக்கு?" நான் விட்டுக் குடுக்கல. "எம் பாதியிலதானே வச்சிருக்கேன். உங்க பாதிக்கு வந்தேனா?" அப்புறம் தாடியத் தடவிக்கிட்டு, "எல்லை போட்டுட்ட"ன்னாக. "ஆமா, போட்டுட்டேன். போடாம இருந்தா நீங்க தள்ளித் தள்ளியே எங்கண்ணக் குருடாக்கிருவீக"ன்னேன். சொன்னதும் அழுகை வந்துருச்சு, நிறுத்த முடியல, சோத்துக்கு முன்னால உக்காந்து அழக்கூடாதுன்னு எங்க உம்மா திட்டுவாக. "உங்க மேல கோவமில்ல. உங்க முகத்தப் பாக்கணும், அவ்வளவுதான். செத்துப்போற வரைக்கும் பாக்கணும். அதுக்குத்தான் இந்தச் சனியன் தட்டு." சொல்லிட்டேன். இத்தனை வயசுக்கப்புறம், பேரன் பேத்தி எடுத்தப்புறம், இப்படியா ஒருத்தி சொல்லுவா? இவுக காது மடல் செவந்து போச்சு. அதுவும் போட்டோவுல தெரியாது. "பிஸ்மி சொல்லு, ஆறிப் போகுது"ன்னாக.

இவுக பக்கம் சோத்தப் போட்டுக்கிட்டாக. விளைமீன் ஆணம் ஊத்திக்கிட்டாக. நான் என் தட்டுல அவரைக்காய்ச் சோத்தோட பெசஞ்சேன். பெசையப் பெசையத் தட்டு சஹனுக்குள்ள வழுக்கி வழுக்கி இவுக பக்கமே போச்சு. இழுத்து வச்சேன், திரும்பவும் போச்சு. பேச்சு எங்கெங்கயோ தொடங்குச்சு. பள்ளியில தொழுகைக்கு முன்னால கை கால் கழுவி ஒளு செய்யுற எடத்துல குழாய் ஒழுகுதாம். ஷிஃபா வீட்டு மாடிக்குச் சிமெண்டு வந்துருச்சாம். நான் விரல்ல குத்திப் பாத்த வெவரத்தச் சொன்னேன், எறங்கியிருக்குன்னு. "எங்கிட்டச் சொல்லவே இல்லியே?" "நீங்கதான் ஹாங்காங்குல இருந்தீகளே." இவுகளுக்குச் சிரிப்பு வந்துருச்சு, பொறை ஏறி, நான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். பேசிக்கிட்டே இருக்கிறப்ப, எனக்கு நல்லாத் தெரியும் எப்ப வரும்னு, இவுக விரலு ஒரு துண்டு மீன எடுத்துப் பிரிச்சுச்சு. முள்ளு ஒண்ணு, ரெண்டு, ஓரமா வச்சுச்சு. வழக்கம் போல என் பக்கம் தள்ளுச்சு. மீனு போய் என் தட்டோட கரையில முட்டி நின்னுருச்சு. இவுக பேச்சும் நின்னுருச்சு. நாங்க ரெண்டு பேரும் அந்த மீனையே பாத்துக்கிட்டு இருந்தோம். "மீன் சாப்பிடலாமா நீ?"ன்னு கேட்டாக, சின்னப் புள்ள கேக்குற மாதிரி. "சாப்பிடலாம். மீனுக்குக் கால் பங்கு இடம் இருக்கு, இன்னும் காலியாத்தான் கெடக்கு"ன்னேன். கரைக்கு மேல தூக்கி உள்ள வச்சாக. உடனே அந்தக் கை சும்மா இருக்குமா, கரண்டிக்குப் போச்சு, ஒரு கரண்டி சோத்த அள்ளி என் தட்டுக்கு மேல கொண்டு வந்துருச்சு. "ஆங், ஆங்"ன்னேன். கரண்டி அப்படியே நின்னுச்சு. அப்புறம் திரும்பிப் போய்த் தன் பக்கத்துல கொட்டிக்கிச்சு. எனக்குப் பாவமா இருந்துச்சு. அவரைக்காய்ல ஒரு வாய் எடுத்து, என் தட்டுக் கரையத் தாண்டி, இவுக சோத்து மேல வச்சேன். காய்ன்னா ஆகாது இவுகளுக்கு. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத் தின்னாக.

மறுபடியும் தட்டு வழுக்குச்சு. நான் இழுக்கிறதுக்குள்ள இவுக இடது கையோட ஒரு விரல நீட்டி, அந்த நெளிசல்ல வச்சு, தட்ட நகராமப் புடிச்சுக்கிட்டாக. சரியா அந்த நெளிசல்ல. அது எப்ப விழுந்துச்சுன்னு இவுகளுக்குத் தெரியாது. இன்னொரு நாளைக்குச் சொல்லணும். நான் கடைசிச் சோத்த வழிச்சேன். வயிறு நெறைஞ்சிருச்சா, இல்ல வேற எதுவுமா, தெரியல, ஆனா இன்னும் வேணும்னு தோணல. தலைய நிமித்திப் பாத்தேன். அந்தக் கறுப்பு நூலு திரும்பவும் வந்துச்சு, மேலருந்து மிதந்து, இவுக நெத்தியில எறங்கி, புருவத்துக்கு வந்து, மச்சத்துக்கு மேல நின்னுச்சு. கண்ணக் கொஞ்சம் அசைச்சேன். நூலு ஓரமா வெலகிப் போச்சு. முகம் அங்கயேதான் இருந்துச்சு. விரலத் தட்டுலருந்து எடுக்காம, "என்ன, அப்படிப் பாக்குற?"ன்னு கேட்டாக.